பள்ளிக்கரணைப் பக்கம் மனைக்கு முன்பணம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

தென்சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம், மேடவாக்கம் – சோழிங்கநல்லூர் சாலையை ஒட்டி 'ப்ரீ-லாஞ்ச்' விலையில் மனை என்று உங்களுக்கும் போன் வந்திருக்கும். எனக்கும் என் மைத்துனருக்கும் வந்தது. 2025 கோடையில் பக்கத்துப் பக்கத்து மனைகளாக இரண்டுக்குப் பணம் கட்டினோம். இன்றுவரை மனையும் இல்லை, பணமும் திரும்பவில்லை. ரெராவில், அதாவது மனை வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தில், கொடுத்த புகார் நடந்துகொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுத முடியாது. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது. அதே வசனங்களை வேறு பெயர்ப்பலகையின் கீழ் நின்று பேசுகிறவர்களை அதற்கப்புறம் நானே பார்த்துவிட்டேன். அதனால் அந்த வசனங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வசனம்: "சார், எங்க லேண்டு பட்டாவுலயே புன்செய்னு இருக்கு. சதுப்பு நிலச் சட்டம் இதுக்கு வராது."

பட்டாவில் புன்செய் என்று இருந்தது உண்மைதான். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், வாரிசுச் சான்று எல்லாம் கச்சிதமாக இருந்தன. வக்கீலின் சட்டக் கருத்தும் பளிச்சென்று இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்று பார்ப்பதுதான் அவர் வேலை, அதைச் சரியாகச் செய்திருக்கிறார். அந்த நிலத்தில் கார்த்திகை மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பார்க்க யாரும் அவரிடம் சொல்லவில்லை. நன்செய், புன்செய் என்பதெல்லாம் வரி போடுவதற்காக வருவாய்த் துறை பிரித்து வைத்தது. பாசனம் இல்லாத நிலம் என்பதால் புன்செய் என்று எழுதியிருப்பார்கள். மழைக்காலத்தில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்பதற்கு அந்தப் பதிவு குறுக்கே நிற்காது. சதுப்பு நிலமும் ஈரநிலம்தான். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் பட்டாவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. இயற்கையானதோ செயற்கையானதோ, ஆண்டு முழுக்க நீர் நிற்பதோ சில மாதங்கள் மட்டும் நிற்பதோ, எல்லாமே அதன் வரையறைக்குள் வரும். நெல் வயல், பாசனத்துக்கென்றே வெட்டிய ஏரி, குடிநீருக்காகக் கட்டிய நீர்நிலை போன்ற சிலவற்றுக்குத்தான் விலக்கு. விலக்கு இருக்கிறது என்பதற்காக ஏரியைத் தூர்த்துவிடவும் முடியாது, அதற்குத் தமிழ்நாட்டில் 2007-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது.

இரண்டாவது வசனம் இன்னும் நேர்த்தியானது. மனைக்கு அழைத்துப்போன விற்பனைப் பையன் தூரத்தில் தெரிந்த வனத்துறை வேலியைக் கைகாட்டி, "சதுப்பு நிலம் அதோட முடிஞ்சிடுது சார்" என்றான். நான் அப்போது மறுத்துப் பேசவில்லை. வேலி கண்ணுக்குத் தெரிகிறதே.

சதுப்பு நிலம் வேலியோடு முடிவதில்லை. 2007-இல் காப்புக்காடாக அறிவித்தது 317 ஹெக்டேர். பின்னால் இன்னும் நிலம் சேர்ந்தது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் பள்ளிக்கரணை இடம்பெற்றபோது குறிக்கப்பட்ட பரப்பு 1,247.54 ஹெக்டேர். காப்புக்காட்டைத் தாண்டி, தனியார் பட்டா நிலங்களையும் உள்ளே சேர்த்துக்கொண்டு போகிறது அந்த எல்லை. ஆகவே வேலிக்கு வெளியே, சுத்தமான பட்டாவோடு, ராம்சார் எல்லைக்கு உள்ளே ஒரு மனை தாராளமாக இருக்கலாம். எங்களுக்குக் கொடுத்த பளபளப்பான வரைபடத்தில் எல்லைக் கோடு இருந்தது, சர்வே எண்கள் இல்லை. சர்வே எண் இல்லாத வரைபடத்தை யார் நீட்டினாலும் வாங்கிக் கீழே வைத்துவிடுங்கள்.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், படித்தவர்களே ஏமாறுவது இங்கேதான். பெரிய மனைப்பிரிவுக்கு சி.எம்.டி.ஏ.விடம் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி கேட்கும்போது, அந்த இடம் வெள்ளத்தில் மூழ்குமா என்று நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டியிருக்கும். அப்படி ஒரு சான்றைக் காட்டி, "கவர்மெண்டே வெள்ளம் வராதுன்னு எழுதிக் குடுத்திருக்கு" என்றார்கள். தாளை வாங்கி உட்கார்ந்து படித்தேன். வெள்ளம் வராது என்ற வாக்கியம் எங்கேயும் இல்லை. இன்ன மட்டத்துக்கு மண் கொட்டி இடத்தை உயர்த்த வேண்டும், சுற்றி வடிகால் அமைக்க வேண்டும், இருக்கும் வாய்க்காலை அடைக்கக் கூடாது என்று நிபந்தனைகள்தான் வரிசையாக இருந்தன. மண் கொட்டி உயர்த்தச் சொல்கிறார்கள் என்றாலே இப்போது அந்த இடம் தாழ்வானது, தண்ணீர் அங்கே வரும் என்றுதானே பொருள்? உயர்த்தியபின் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடாது. பக்கத்து மனைக்குப் போகும். அவரும் உயர்த்தினால் அதற்கடுத்த தெருவுக்குப் போகும். தென்சென்னையில் சுமார் 30 ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக்குள் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். உள்ளே வரும் வழிகள் ஏராளம், வெளியே போக முக்கியமான வழி அந்த ஒன்றுதான். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் படகு விட வேண்டி வந்தது நினைவிருக்கும்.

இந்த நிபந்தனைகளை அங்கே எப்படி நிறைவேற்றினார்கள் தெரியுமா? இடித்த கட்டடங்களின் செங்கல், கான்கிரீட் துண்டு, டைல்ஸ் உடைசல் எல்லாவற்றையும் லாரி லாரியாகக் கொட்டி, மேலே ஓரடி செம்மண்ணைப் பரப்பிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. செம்மண் மேல் வெள்ளைக் கல் நட்டு, பூந்தொட்டி வைத்து, பந்தல் போட்டு மோர் கொடுத்தார்கள்.

மனசுக்குள் ஏதோ உறுத்தியதால், சொந்தச் செலவில் ஒரு ஆலோசனை நிறுவனத்திடம் 'நில ஆய்வு' கேட்டோம். சுற்றுச்சூழல், மண், வெள்ள அபாயம் எல்லாம் பார்த்து அறிக்கை தருவதாகச் சொல்லிக் கட்டணத்தை முழுதாக முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். வந்த அறிக்கை தடிமனாக இருந்தது, வண்ணப் படங்கள் வேறு. "ஈரநிலத் தாவரங்கள் எதுவும் காணப்படவில்லை" என்று எழுதியிருந்தார்கள். மே மாதத்தில், புதிதாகக் கொட்டிய செம்மண் மேல் நின்று பார்த்தால் எந்தத் தாவரம் காணப்படும்? ஏழாம் பக்கத்தில், மனைக்குத் தெற்கே வைகையின் வாய்க்கால் ஒன்று ஓடுவதாகவும் எழுதியிருந்தது. மதுரைப் பக்கம் யாருக்கோ எழுதிய அறிக்கையில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். போன் செய்து கேட்டால், "டைப்பிங் மிஸ்டேக் சார்" என்றார்கள். வைகையைச் சென்னைக்குக் கொண்டுவந்துவிட்ட மிஸ்டேக்!

அந்த அறிக்கையைவிட நல்ல தகவலை மனைக்கு எதிரே எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா காசு வாங்காமல் கொடுத்தார். "ஏம்ப்பா, இங்கியா ஊடு கட்டப் போற? மழ பேஞ்சா எருமையே இங்க நிக்காது, கரைக்கு ஏறிடும். ஐப்பசி கார்த்தியில ஒருவாட்டி வந்து பாத்துட்டுப் போ." பக்கத்தில் நின்ற விற்பனைப் பையன், "அவங்க சொல்றது பழைய கதை சார், இப்போ வடிகால் வந்தாச்சு" என்று பேச்சை மாற்றினான்.

நிலம் தன் அடையாளத்தை அவ்வளவு சீக்கிரம் மறைக்காது. ஈரநிலத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் எங்கேயும் மூன்று விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள்: செடி, மண், நீர் நின்ற தடம். கொட்டிய மண்ணின் ஓரத்துக்குப் போய், இன்னும் தூர்க்காத பகுதியைப் பாருங்கள். சம்பு, கோரை, நாணல், நீர்முள்ளி இருந்தால் அங்கே வருஷத்தில் பல மாதம் தண்ணீர் நிற்கிறது. அங்கேயே இரண்டடி தோண்டிப் பார்க்கலாம். கருஞ்சாம்பல் களிமண், அதில் வேர் போன வழியெல்லாம் துருப்பிடித்த நிறத்தில் கோடுகள், சில சமயம் அழுகிய முட்டை நாற்றம். நீண்ட நாள் தண்ணீரில் ஊறிக் காற்றுப் புகாமல் கிடந்த மண் இப்படித்தான் ஆகும், கோடையில் காய்ந்தாலும் அந்தக் கோடுகள் போகாது. அப்புறம் சுற்றியுள்ள வீடுகள். மதில் சுவரில் பாசி எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது, மின் மீட்டரை எவ்வளவு மேலே மாட்டியிருக்கிறார்கள், பழைய வீடுகள் சாலையைவிடப் பள்ளத்தில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியவையும் இருக்கின்றன. கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷவாரியாக நகர்த்திப் பார்க்கலாம். மே மாதப் படத்தை விட்டுவிட்டு டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேடுங்கள். அரசின் இணையச் சேவையில் சர்வே எண் போட்டால் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடும், அளவு வரைபடமான புலப்படமும் கிடைக்கும். உங்கள் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல் நாலு பக்கமும் ஒட்டியிருக்கும் எண்களையும் போட்டுப் பாருங்கள். எங்கள் மனை புன்செய். ஒரு பக்கத்து எண் ஓடை, இன்னொன்று கழுவெளி, அதாவது சதுப்பு. ஓடைக்கும் கழுவெளிக்கும் நடுவில் மேட்டு நிலம் எப்படி வரும்? 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவுகளில் வகைப்பாடு மாறிப்போன நிலங்கள் உண்டு, அதனால் அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தாலுகா அலுவலகத்தில் கொஞ்சம் அலையவிடுவார்கள், அலைந்துதான் ஆகவேண்டும்.

"நேஷனல் அட்லஸ்லயே இந்த இடம் இல்ல சார்" என்றும் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பை. அதற்கான இஸ்ரோவின் செயற்கைக்கோள் கணக்கெடுப்பில் தனித்தனியாக வரையப்பட்டவை 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்கள்தான். அப்படி எண்ணப்பட்ட 2,01,503 ஈரநிலங்களுக்குப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படை பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. அதைவிடச் சின்ன குட்டையும் பள்ளமும் பட்டியலில் இல்லாததால் அவை மேட்டு நிலம் ஆகிவிடாது. ஈரநில விதிகளின் கீழ் வரும் இடமாக இருந்தால், விதிகள் வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிரந்தரக் கட்டுமானமே கூடாது.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணை ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும், கள ஆய்வு முடியும்வரை கட்டுமான அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது. இதை நிறுவனம் எங்களிடம் சொல்லவில்லை. மனைக்கடன் கேட்டுப் போன வங்கியில்தான் சொன்னார்கள். அதற்குப் பிறகும் அடுத்த தவணைக்கு நிறுவனத்திலிருந்து நினைவூட்டல் வந்தது, தாமதமானால் வட்டி என்ற மிரட்டலோடு.

போய்க் கேட்டதும் பேச்சு மாறியது. "நாங்க வாங்கினது புக்கிங் பணமே இல்ல சார், விருப்பப் படிவத்துக்கான தொகை" என்றார் மேலாளர். ரத்து செய்தால் 20 சதவீதம் பிடித்தம் என்றார். எந்தப் பெயரில் வாங்கினால் என்ன? ரெரா பதிவு எண் இல்லாமல் இப்படிப்பட்ட மனைப்பிரிவை விளம்பரம் செய்யவோ முன்பதிவு வாங்கவோ கூடாது. பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. எங்களிடம் வாங்கியது அதைப்போல மூன்று மடங்கு. பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொண்டால் கட்டிய தொகையை வட்டியோடு திருப்பித்தர வேண்டும் என்று ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. சொன்னபடி மனையை ஒப்படைக்க முடியாதபோது 18-ஆம் பிரிவும் கைகொடுக்கும். இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டுக் கடிதம் போட்டபின் 20 சதவீதம் 10 ஆனது, பிறகு 5 ஆனது. நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். திருப்போரூருக்கு அந்தப் பக்கம் வேறு மனைப்பிரிவில் அதே அளவு இடம் தருகிறோம், பழைய ரசீதுகளைக் கொடுத்துவிட்டுப் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். எங்களோடு பணம் கட்டியவர்களில் சிலர் போட்டும்விட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில், பழைய மனை தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டபின் ரெராவுக்குப் போய் என்ன கேட்பது? உங்களுக்கும் இந்த அழைப்பு வந்தால் ஒப்பந்த நகலை வீட்டுக்கு வாங்கி வந்து உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள், அவர்கள் ஏற்பாடு செய்யும் வக்கீலிடம் வேண்டாம். அவர்கள் அனுப்பிய வாட்ஸாப் செய்திகள், விளம்பரத் தாள், வங்கிப் பரிமாற்ற விவரம் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்துவையுங்கள். அசல் ரசீதை மட்டும் யார் வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.