போன வழியே திரும்பலாமா, சுற்றி வரலாமா?

புதிதாக ஒரு மலைப்பாதைக்கோ காட்டுப்பாதைக்கோ கிளம்புகிறவர்கள் எந்த ஷூ வழுக்காது, எந்தப் பை முதுகில் ஒழுங்காக உட்காரும் என்று நாள் கணக்கில் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். போகப்போகிற பாதை என்ன வடிவம் என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. இருட்டுவதற்குள் திரும்ப முடியுமா, வழி தவறினால் எந்த இடத்தில் தவறும், கால் பிசகி உட்கார்ந்துவிட்டால் தேடி வருகிறவர் எந்தப் பக்கமிருந்து வருவார் என்பதிலெல்லாம் ஷூவைவிட வடிவத்துக்குத்தான் பங்கு அதிகம்.

வடிவங்கள் மூன்று. ஓர் இடம் வரை போய் அதே வழியில் திரும்புவது. வேறு வழியாகச் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவது. ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் வெளியேறுவது. நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதன்முறை போகிற பாதையில், அது எவ்வளவு எளிது என்று யார் சத்தியம் செய்திருந்தாலும், போன வழியே திரும்புவதுதான் சரி. சுற்றுப் பாதையை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நடையைவிட வண்டி ஏற்பாட்டைப் பொறுத்த விஷயம்.

சுற்றுப் பாதையின் கவர்ச்சி புரியாமல் இல்லை. பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டியதில்லை, கடைசி அடி வரை புதிய நிலம். ஆனால் "அதே வழி" என்பது பெயரளவில்தான் அதே. திரும்பும்போது வெயில் வேறு பக்கம் விழும், முதுகுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கு முகத்துக்கு நேரே வரும். அலுப்பு என்று இதை ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் திரும்பும்போது தரையை மட்டுமே பார்த்து நடந்தவர்கள்.

நேரக் கணக்கு

1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு எளிய கணக்கைச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால், சமதரையில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் நீளமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்று மணி நேரம் ஆகும். ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது எதுவும் இதில் சேராது. நல்ல உடற்கட்டுள்ளவரின் வேகம் இது. மற்றவர்கள் பாதியளவு கூட்டிக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கு தப்பாகப் போகும்போதுதான் வடிவங்களின் வித்தியாசம் தெரியும். போன வழியே திரும்பும் பாதையில் கணக்கைத் திருத்த எந்த இடத்திலும் வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரத்தில் நினைத்த தூரத்தில் பாதிதான் வந்திருக்கிறோம் என்றால் அங்கேயே திரும்பிவிடலாம். மிச்சமிருக்கும் வழி எப்படிப்பட்டது, எந்தப் பாறை வழுக்கும், ஓடையில் எங்கே கால் வைக்கலாம் என்பதெல்லாம் ஏற்கெனவே தெரியும். கிளம்பும்போதே "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது" என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டால் போதும். அந்த நேரத்தை எல்லோர் காதிலும் போட்டுவையுங்கள். மனதுக்குள் மட்டும் இருக்கும் நேரம் உச்சி கண்ணில் பட்டதும் தானாகத் தள்ளிப்போய்விடும்.

சுற்றுப் பாதையில் இந்தச் சலுகை பாதி வழி வரைதான். அதைத் தாண்டியதும் "திரும்பினால் தூரம் அதிகம், முன்னால் போனால் குறைவு" என்ற நியாயம் தொற்றிக்கொள்ளும். தூரக் கணக்கில் அது உண்மையும்கூட. சிக்கல் என்னவென்றால், குறைவான அந்த மிச்சம் நாம் பார்த்திராதது. பாலம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம், மரம் விழுந்து வழி மறைந்திருக்கலாம். கடைசி இரண்டு கிலோமீட்டரில் அதைக் கண்டுபிடிக்கிறவர் முழுச் சுற்றையும் திரும்ப நடக்க வேண்டும், அதுவும் களைத்த காலோடு, சாயும் வெளிச்சத்தில்.

அதனால் சுற்றுப் பாதை போயே தீருவேன் என்கிறவர்களுக்கு ஒன்று. எந்தத் திசையில் சுற்றுவது என்பதைக் கைகாட்டிப் பலகையிடம் விட்டுவிடாதீர்கள். சந்தேகமான இடம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்து, அது முதல் கால்வாசிக்குள் வரும்படி திசையைத் தேர்ந்தெடுங்கள். ஓடையைக் கடக்க முடியவில்லையென்றால் சிறிது தூரம் திரும்பினாலே ஆயிற்று. பனி உருகி ஓடும் ஆறுகளில் இன்னொரு காரணமும் சேரும்: காலையில் முழங்காலளவு இருக்கும் நீர் வெயில் ஏறியபின் பெருகிவிடும். சந்தேகமான இடம் இல்லையென்றால், செங்குத்தான பக்கம் ஏறி, சரிவு குறைந்த பக்கம் இறங்குவது முட்டிக்கு நல்லது. ஈரப் பாறையில் ஏறுவது மூச்சு வாங்கும், இறங்குவது ஆளைக் கவிழ்க்கும். ஒரு திசையே வழக்கமாகிப்போன சுற்றுகளும் உண்டு. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு மோன் பிளாங்க் மலைத்தொகுதியைச் சுற்றும் சுமார் 170 கிலோமீட்டர் பாதையைப் பெரும்பாலோர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் நடக்கிறார்கள்.

போன வழியே திரும்பும் பாதைக்கும் ஒரு பொறி உண்டு. அது இறங்கித் தொடங்கும் பாதை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் இதற்குப் பேர்போனது. இறங்கிய நேரத்தைப்போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்குங்கள் என்று அங்குள்ள பூங்கா நிர்வாகம் சொல்கிறது. விளிம்பிலிருந்து ஆறு வரை போய் ஒரே நாளில் திரும்ப முயல வேண்டாம் என்று பலகையும் வைத்திருக்கிறது. கையிலிருக்கும் மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு முடிந்ததும், தண்ணீரும் அதே கணக்கில், திரும்பிவிட வேண்டும். உடம்பு இன்னும் தெம்பாகத்தான் இருக்கும், ஆனால் இறங்கிவந்த தெம்பை நம்பி ஏற்றத்தைக் கணக்குப் போட முடியாது.

வழி தவறுவது

வந்த வழியே திரும்பினால் தொலைந்துபோக முடியாது என்று பலர் நம்புகிறார்கள். முடியும். போகும்போது பின்னாலிருந்து நம் பாதையில் வந்து சேரும் கிளைப் பாதை கண்ணிலேயே படாது, நாம் முன்னால் பார்த்துக்கொண்டு அதைக் கடந்துவிடுவோம். திரும்பும்போது அதே இடம் இரண்டாகப் பிரியும் கவையாக எதிரே நிற்கும். சில சமயம் தவறான கிளைதான் அகலமாக, அழைப்பதுபோல் இருக்கும். இதற்கு மருந்து மிக எளிது. ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று, திரும்பி, பின்பக்கம் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடையாளத்துக்குக் கல் அடுக்குவது, மரத்தில் வெட்டுவது, துணி கட்டுவது வேண்டாம். நமக்குப் புரியும் அடையாளம் பின்னால் வருகிறவரை வேறெங்காவது இழுத்துக்கொண்டு போகும், கல்லுக்கு அடியில் குடியிருக்கும் உயிர்களையும் கிளப்பிவிடும்.

சுற்றுப் பாதையில் நினைவு உதவாது, வரைபடம்தான் உதவும். ஃபோனில் ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை என்றாலும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெற்றுத் திரையில் ஒரு நீலப் புள்ளி மட்டும் இருக்கும். சாலைக்கான செயலியை மலைக்கு நம்பக் கூடாது. பிரிட்டனின் மிக உயரமான பென் நெவிஸ் சிகரத்துக்கு கூகுள் மேப்ஸ் காட்டிய வழி உயிருக்கே ஆபத்தானது என்று 2021-ல் ஸ்காட்லாந்தின் மலையேற்ற அமைப்பும் ஜான் முயர் அறக்கட்டளையும் எச்சரித்தன. அச்சு வரைபடம் என்றால் 1:25,000 அளவு நல்லது: அதில் 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்.

மற்றவர்களும் மண்ணும்

இந்த விஷயத்தில் சுற்றுப் பாதைக்குத்தான் வெற்றி. ஒரே திசையில் எல்லோரும் போனால் எதிரெதிரே முட்டிக்கொள்வது குறையும், ஒரே மண்ணில் இரண்டு தடவை மிதிபடுவதும் இல்லை. போன வழியே திரும்பும் குறுகிய பாதையில் நாள் முழுதும் யாராவது ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிடுவது பொதுவான வழக்கம். ஏறுகிறவரின் பார்வை குறுகியிருக்கும், நின்றால் மூச்சின் தாளமும் கெடும். அவரே நின்று இளைப்பாற விரும்பினால் அது வேறு. ஒதுங்கும்போது செடி மேல் நிற்காமல் பாறையிலோ கெட்டித் தரையிலோ நில்லுங்கள். குதிரை வந்தால் சரிவின் கீழ்ப்பக்கம் ஒதுங்கி, மெல்லப் பேச்சுக் கொடுங்கள். முதுகில் பை சுமந்த உருவம் மனிதன்தான் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

ஆனால் சுற்றுப் பாதை மேலுள்ள மோகத்துக்கு ஒரு கெட்ட பக்கம் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. அருகருகே இரண்டு முட்டுப் பாதைகள் இருந்தால் நடுவில் புதரைப் பிளந்து யாரோ ஒருவர் இணைத்துவிடுகிறார். சுற்றி வந்த திருப்தி அவருக்கு. அந்தத் தடம் செயலியில் ஏறுகிறது, அதைப் பார்த்து நூறு பேர் வருகிறார்கள், சில பருவங்களில் அது பாதையாகிவிடுகிறது. வடிகால் பார்த்து அமைத்த பாதை அல்ல அது. மழைநீர் நேராக அதில் ஓடி வாய்க்காலாக அரித்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்குவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. செயலியில் கோடு இருப்பதால் மட்டும் அது அனுமதித்த பாதை ஆகிவிடாது. தரையில் பலகையோ அடையாளமோ இல்லையென்றால் அந்தச் சுற்றை விட்டுவிடுவதே நாகரிகம்.

சேறு எல்லா வடிவத்துக்கும் பொது. நடுவிலேயே நடங்கள். ஓரமாக ஒதுங்கினால் பாதை வருடா வருடம் அகலமாகும்.

முனையிலிருந்து முனைக்கு

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நீண்ட பயணங்களுக்கு இதுதான் இயல்பான வடிவம். அமெரிக்காவின் 14 மாநிலங்களைக் கடக்கும் அப்பலாச்சியன் பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர். வசந்தத்தில் எல்லோரும் தென்முனையில் ஒன்றாகக் குவிவதால், நடுவில் தொடங்கி ஒரு பாதியை முடித்துப் பிறகு மறுபாதிக்குப் போகும்படி பாதையைப் பராமரிப்பவர்களே ஊக்குவிக்கிறார்கள். ஒரு நாள் நடைக்கு வந்தால், தொல்லை முழுக்கக் கடைசிப் பேருந்தில் இருக்கிறது. அதைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இறக்கத்தில் ஓடுகிறவர்கள்தான் கணுக்காலை முறித்துக்கொள்வார்கள். வண்டி இருந்தால் முடிகிற முனையில் விட்டுவிட்டு, தொடங்குகிற முனைக்குப் பேருந்திலோ வாடகைக் காரிலோ போங்கள். அதன்பின் நடை எத்தனை மணிக்கு முடிந்தாலும் வண்டி காத்திருக்கும்.

தேடி வருகிறவர்களுக்கு

வீட்டில் சொல்லிவிட்டுப் போவது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. என்ன சொல்வது என்பது வடிவத்தைப் பொறுத்து மாறும். போன வழியே திரும்புகிறவர் பாதையின் பெயரும் திரும்பும் நேரமும் சொன்னால் போதும், தேடல் ஒரே கோட்டில் தொடங்கும். சுற்றி வருகிறவர் எந்தத் திசையில் சுற்றுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். கடந்துபோகிறவர் இரு முனைகளின் பெயரையும் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் உதவி கேட்பது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு விசில் கையில் இருக்கட்டும். ஆல்ப்ஸ் மலைகளின் வழக்கப்படி நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் ஆபத்து என்று பொருள்.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. போன வழியே திரும்பும் பாதையில், களைத்தவரைப் பார்த்து "நீ இங்கேயே உட்காரு, நாங்க மேலே போயிட்டு வர்றோம்" என்று சொல்வது மிக எளிது. நடப்பதை நிறுத்தியவர் உடம்பு சீக்கிரமே குளிர ஆரம்பிக்கும், மூடுபனி வந்தால் பயந்து தானாக இறங்கப் பார்ப்பார், அங்கேதான் கவையில் தவறான கிளையைப் பிடிப்பார். சுற்றுப் பாதையில் இந்த யோசனையே எழாது, எல்லோரும் சேர்ந்துதான் ஆக வேண்டும். ஆகவே கூட்டத்தில் யாராவது களைத்துவிட்டால் அவரோடு இன்னொருவராவது உட்கார வேண்டும்; அதற்கு யாரும் தயாரில்லையென்றால் எல்லோரும் அங்கிருந்தே திரும்ப வேண்டும்.