வேரா ரூபினின் ஸ்கைவியூவர்: அகலமும் ஆழமும் உண்டு, காலம் மட்டும் இல்லை

வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூன் 23 அன்று தன் முதல் படங்களை வெளியிட்டபோது, அவற்றை யார் வேண்டுமானாலும் உலாவியில் திறந்து, நகர்த்தி, பெரிதாக்கிப் பார்ப்பதற்காக ஸ்கைவியூவர் என்ற இணையச் சேவையையும் திறந்துவிட்டது. கட்டணம் கிடையாது, பெயர் பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பிக்கும் நான் இதைத் தனியாகவும் வகுப்பறைத் திரையிலும் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக ஸ்லோன் வான் கணக்கெடுப்பின் ஸ்கைசர்வர் தளத்தையும் பயன்படுத்திவருகிறேன். பெரிய தொலைநோக்கிகளும் வான் கணக்கெடுப்புகளும் வானியல் ஆராய்ச்சியை எப்படி மாற்றுகின்றன என்பதை இச்சேவை ஒரு சாதாரண வாசகருக்கு எந்த அளவுக்குப் புரியவைக்கிறது என்ற ஒரே அளவுகோலால்தான் இங்கே அதை மதிப்பிடுகிறேன்.

படத்தைப் பார்ப்பதற்கு முன் அதை எடுத்த கருவியைத் தெரிந்துகொள்வது அவசியம். சிலி நாட்டின் செர்ரோ பச்சோன் மலையுச்சியில் நிற்கும் இத்தொலைநோக்கியின் முதன்மை ஆடி 8.4 மீட்டர் விட்டமுடையது. இதைவிடப் பெரிய ஆடிகள் ஹவாயிலும் கேனரித் தீவுகளிலும் ஏற்கெனவே உள்ளன. ஆனால் அத்தகைய தொலைநோக்கிகள் ஒரு நேரத்தில் வானத்தின் மிகச் சிறிய துண்டையே பார்க்கின்றன. ரூபினோ ஒரே படத்தில் சுமார் 9.6 சதுரப் பாகை, அதாவது ஏறத்தாழ 45 முழுநிலவுகள் அடங்கும் பரப்பைப் பிடித்துவிடுகிறது. அதற்காகச் செய்யப்பட்ட கேமரா 3,200 மெகாபிக்சல் கொண்டது. 189 உணரிகள் அதில் ஓடு பதித்ததுபோல் அடுக்கப்பட்டுள்ளன. எடை சுமார் 2,800 கிலோ. சுமார் 30 விநாடிக்கு ஒரு படம், உடனே அடுத்த இடத்துக்குத் திரும்பல், மூன்று நான்கு இரவுகளில் தனக்கு எட்டும் தென்வானம் முழுவதையும் ஒரு சுற்று முடித்தல், பிறகு மீண்டும் முதலிலிருந்து தொடங்குதல் என்று பத்தாண்டுகள் இயங்கும் வகையில் இக்கணக்கெடுப்பு திட்டமிடப்பட்டுள்ளது. பத்தாண்டு முடிவில் வானத்தின் ஒவ்வொரு இடமும் சுமார் 800 முறை படமெடுக்கப்பட்டிருக்கும்.

இந்த 800 என்ற எண்தான் ஆராய்ச்சியின் போக்கை மாற்றுகிறது. பெரிய தொலைநோக்கியைப் பயன்படுத்த விரும்பும் வானியலாளர் தன் கேள்வியையும் தான் பார்க்க வேண்டிய விண்பொருளையும் எழுதி, மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பித்து, இரண்டு மூன்று இரவுகளைப் பெறுவதே நெடுநாள் வழக்கம். அந்த இரவுகளில் மேகம் சூழ்ந்தால் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதுதான். கணக்கெடுப்புத் தொலைநோக்கி அப்படித் தனியொருவரின் கேள்விக்காகத் திரும்புவதில்லை. ஊரைச் சுற்றிவரும் இரவுக் காவலர் எந்த வீட்டையும் குறிவைக்காமல் எல்லாத் தெருக்களையும் பார்த்துக்கொண்டே போவார். நேற்று மூடியிருந்த கதவு இன்று திறந்திருந்தால் அது அவர் கண்ணில் படும். ரூபினின் வேலையும் அத்தகையதே. ஒரே படத்திலிருந்து ஒருவர் சிறுகோளைத் தேடுவார், இன்னொருவர் வெடிக்கும் விண்மீனைத் தேடுவார், மூன்றாமவர் ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் கரும்பொருள் எங்கெங்கே பரவியுள்ளது என்று விண்மீன் திரள்களின் வடிவச் சிதைவை அளந்து கணக்கிடுவார். கரும்பொருள் ஆய்வுக்கு வழிவகுத்த விண்மீன் திரள் சுழற்சி அளவீடுகளைச் செய்த வேரா ரூபின் பெயரை இக்கருவிக்கு வைத்தது முற்றிலும் பொருத்தம்.

இனி ஸ்கைவியூவருக்கு வருவோம். அதிலுள்ள முதன்மையான படம் கன்னி விண்மீன் திரள் கொத்தின் பகுதியைக் காட்டுகிறது. 1,185 தனிப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து உருவாக்கிய படம் அது. நம் தமிழ்நாட்டில் சித்திரை மாத இரவுகளில் ஏறக்குறைய உச்சிவானத்தில் இருக்கும் பகுதிதான். வெறுங்கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. படத்திலோ சுமார் 1 கோடி விண்மீன் திரள்கள் உள்ளன. பத்தாண்டுகளில் ரூபின் பதிவு செய்யப்போகும் ஏறத்தாழ 2,000 கோடித் திரள்களில் அது வெறும் 0.05 விழுக்காடு. திரையில் மங்கல் புள்ளிபோல் தெரிவதைப் பெரிதாக்கினால் அது சுருள்கைகளோடு விரிகிறது; அதன் பின்னால் இன்னொரு மங்கல் புள்ளி தெரிகிறது; அதையும் பெரிதாக்கினால் அதுவும் ஒரு விண்மீன் திரளாக இருக்கிறது. ஆழம் என்றால் என்ன என்பதைச் சொல்லில் விளக்குவதற்கு நான் வகுப்பில் செலவிட்ட நேரத்தை இந்தச் செயல் இரண்டு நிமிடமாகச் சுருக்கிவிட்டது. மிக நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

அப்படத்தில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம் எம்61. 1779-ஆம் ஆண்டிலிருந்தே அறியப்பட்ட விண்மீன் திரள் இது. பல பெரிய தொலைநோக்கிகள் இதைப் பார்த்திருக்கின்றன. இருந்தும், இதிலிருந்து வெளியே நீளும் மெல்லிய விண்மீன் இழையொன்றை, அதாவது எம்61-இன் ஈர்ப்பில் சிக்கிக் கிழிந்துபோன ஒரு குறுந்திரளின் மிச்சத்தை, ரூபினின் இந்த முதல் படத்தில்தான் வானியலாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த இழையின் நீளம் 1.5 லட்சம் ஒளியாண்டுக்கும் அதிகம். இவ்வளவு நாள் அது தப்பியதற்குக் காரணம் அதன் மங்கல்தான். குறுகிய பார்வைப் பரப்புடைய தொலைநோக்கிக்குத் திரளின் நடுப்பகுதியே நிறைந்துவிடும். அகன்ற பரப்புடைய பழைய கணக்கெடுப்புகளுக்கோ அவ்வளவு மங்கலானதைப் பிரித்துக்காட்டும் ஆழம் போதவில்லை. அகலமும் ஆழமும் ஒரே கருவியில் சேரும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அறை விளக்கை அணைத்து, திரையின் ஒளியைக் கூட்டிவைத்துக்கொண்டு தேடுங்கள். பகல் வெளிச்சத்தில் கைப்பேசியில் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

தனுசு ராசிப் பகுதியிலுள்ள டிரிஃபிட், லகூன் நெபுலாக்கள் என்ற வாயு, தூசு மேகங்களின் படமும் இதில் உண்டு. ஏழு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் எடுத்த 678 படங்களின் தொகுப்பு அது. பார்க்க மிக அழகானது. ஆனால் கற்றுக்கொள்வதற்குக் கன்னிப் படத்தில் உள்ள அளவு இதில் இல்லை.

குறைக்கு வருகிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து ஒரே படமாக்கும்போது, எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் இருப்பவை மட்டுமே எஞ்சுகின்றன, நகர்ந்தவை நீக்கப்படுகின்றன. செயற்கைக்கோள்கள் இழுத்த கோடுகள் போவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் அவற்றோடு சிறுகோள்களும் போய்விடுகின்றன. முதல் படங்களுக்காக எடுத்த தரவுகளிலிருந்து மட்டும் அதுவரை அறியப்படாத 2,104 சிறுகோள்களை ரூபின் கண்டறிந்தது. அவற்றுள் 7 பூமிக்கு அருகே வரும் வகையைச் சேர்ந்தவை, எதனாலும் நமக்கு ஆபத்தில்லை. அத்தரவுகளை மேலும் ஆராய்ந்தபோது, 2025 எம்என்45 என்று பெயரிடப்பட்ட, சுமார் 710 மீட்டர் அளவுள்ள சிறுகோள் ஒன்று 1.88 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொள்வது தெரியவந்தது. பெரும்பாலான சிறுகோள்கள் தளர்வாகச் சேர்ந்த கற்குவியல்கள் என்றே வானியலாளர்கள் கருதுகிறார்கள். அத்தகைய குவியல் 2.2 மணி நேரத்தைவிட வேகமாகச் சுழன்றால் சிதறிவிடும். அப்படியானால் இது கெட்டியான பாறையாகத்தான் இருக்க வேண்டும். ஒளி கூடிக் குறைவதை அடுத்தடுத்த படங்களில் அளந்ததால் மட்டுமே கிடைத்த முடிவு இது. ஸ்கைவியூவரில் எத்தனை முறை தேடினாலும் இது கிடைக்காது. ஆராய்ச்சிக்கு உயிரான பகுதி அழகிய படத்தில் அழிக்கப்பட்டுவிட்டது என்பதே என் முக்கியமான குறை. சிறுகோள்களின் பாதைகளைக் காட்டுவதற்கு ஆர்பிட்வியூவர் என்று தனிச் சேவை வைத்திருக்கிறார்கள் என்றாலும், அங்கே தெரிவது வரைபடம்தான்; கேமரா பார்த்த வானம் அன்று. அடுத்தடுத்த இரவுகளின் தனிப்படங்களை மாற்றிமாற்றிக் காட்டும் ஒரு பொத்தானை ஸ்கைவியூவரிலேயே வைத்திருந்தால் இச்சேவை முழுமையடைந்திருக்கும்.

இந்த இடத்தில் பழைய ஸ்கைசர்வரின் அருமை தெரிகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியால் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்லோன் கணக்கெடுப்பின் தரவுகள் அதில் உள்ளன. படத்தின் ஆழத்தில் அது ரூபினுக்கு அருகில்கூட வராது. முகப்பும் பழைய பாணியில்தான் இருக்கிறது. ஆனால் அதன் படத்தில், வடிவமைத்தவர்கள் நினைக்காமலேயே, காலம் பதிந்துகிடக்கிறது. ஒரு நாள் பதினொன்றாம் வகுப்பில் அதை ஓட்டிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "சார், இங்க பச்சையும் சிவப்பும் ஒட்டிக்கிட்டு நிக்குது, நீலம் மட்டும் ஏன் தள்ளி நிக்குது?" என்று கேட்டாள். அவள் காட்டியது ஒரு சிறுகோள். ஸ்லோன் கேமராவில் வானம் ஐந்து வடிகட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோகும். படத்தில் பச்சையாகக் காட்டப்படும் ஒளியும் சிவப்பாகக் காட்டப்படும் ஒளியும் ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இடைவெளியில் பதிவாகும். நீலமாகக் காட்டப்படுவது ஏறத்தாழ ஐந்து நிமிடம் கழித்தே பதிவாகும். விண்மீன் நகராததால் அதன் மூன்று நிறங்களும் ஒன்றுசேர்ந்து ஒரே புள்ளியாகும். சிறுகோள் அந்த ஐந்து நிமிடத்துக்குள் நகர்ந்துவிட்டதால் நீலம் மட்டும் பிரிந்து நிற்கிறது. நிறங்களின் இடைவெளியை அளந்து அதன் வேகத்தைக் கணக்கிடுவதே அன்றைய பாடமாயிற்று.

ஸ்கைசர்வரின் இன்னொரு பெரும் பலம் நிறமாலை, அதாவது ஒரு விண்பொருளின் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவு. ரூபின் படம் மட்டுமே எடுக்கிறது, நிறமாலை எடுப்பதில்லை. ஸ்லோன் கணக்கெடுப்பிலோ, ஒவ்வொரு வானப்பகுதிக்கும் ஓர் அலுமினியத் தட்டில் விண்பொருள்களின் இடங்களுக்கு ஏற்பத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒளியிழையைக் கையால் செருகி, பல லட்சம் நிறமாலைகளை எடுத்திருக்கிறார்கள். ஒரு விண்மீன் திரளைச் சொடுக்கினால் அதன் நிறமாலை வரைபடம், கோடுகளின் பெயரோடு திறக்கிறது. ஆய்வகத்தில் 6,563 ஆங்ஸ்ட்ராமில் நிற்க வேண்டிய ஹைட்ரஜன் கோடு சுமார் 7,220-இல் நின்றால் செம்பெயர்ச்சி, அதாவது அலைநீளம் நீண்டுள்ள விகிதம், 0.1; அந்த ஒளி சுமார் 130 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. பிரபஞ்சம் விரிகிறது என்பதை மாணவர் தம் கையாலேயே அளந்து பார்க்க முடிகிறது. தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லைக் கொஞ்சம் கற்றுக்கொண்டால், இன்ன நிறத்தில், இன்ன செம்பெயர்ச்சியில் உள்ள திரள்களை மட்டும் கொடு என்று தரவுத்தளத்தைக் கேட்டுப் பெறலாம். முனைவர் பட்ட ஆய்வாளர் கேட்கும் தரவும் பள்ளி மாணவர் கேட்கும் தரவும் அங்கே ஒன்றுதான். இப்படித் திறந்து வைத்ததன் பலனை நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல் காட்டினார். ஸ்லோன் படங்களை வகைப்படுத்த 2007-இல் பொதுமக்களை அழைத்த கேலக்ஸி ஜூ திட்டத்தில், ஒரு திரளின் அருகே இருந்த விளங்காத நீலத்திட்டைப் பார்த்து, அது என்ன என்று அவர் கேட்டார். அருகிலுள்ள திரளின் மையத்தில் ஒருகாலத்தில் கடுமையாக எரிந்து பின்னர் அடங்கிப்போன குவேசாரின், அதாவது பெரிய கருந்துளையைச் சுற்றி ஒளிர்ந்த மையத்தின், ஒளியால் மின்னிய வாயுமேகம் அது என்பது பிறகு தெளிவானது.

ரூபின் தரவு இன்னும் அந்த அளவுக்குத் திறக்கப்படவில்லை. 2025 ஜூன் 30 அன்று வெளியான முதல் முன்னோட்டத் தரவு, உரிமை பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. அத்தகைய தரவுகள் இரண்டாண்டு காத்திருப்புக்குப் பிறகே எல்லாருக்கும் வரும். இத்தனை பெரிய திட்டத்துக்குச் செலவிட்ட நாடுகளின் ஆய்வாளர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. எனினும் ஓர் ஆசிரியராக எனக்கு அது வருத்தமே. வானில் ஏதேனும் மாறினால் அனுப்பப்படும் எச்சரிக்கை அறிவிப்புகளுக்கு மட்டும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. படமெடுத்த ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அவை உலகுக்கே பொதுவாக வெளிவர வேண்டும் என்பதும், ஓர் இரவில் 1 கோடி அறிவிப்புகள் வரை எழக்கூடும் என்பதும் திட்டம். அவற்றை லாசைர், ஃபிங்க், அலெர்ஸ் போன்ற இடைத்தரகுச் சேவைகள் வடிகட்டித் தருகின்றன. பிரிட்டனில் இயங்கும் லாசைரை, கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையிலிருந்து 2018 முதல் இயங்கும் ஸ்விக்கி கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டு நான் பழகிப்பார்த்தேன். ஒவ்வோர் அறிவிப்போடும் தபால்தலை அளவில் மூன்று படங்கள் வருகின்றன: இன்று எடுத்தது, முன்பு எடுத்தது, இரண்டையும் கழித்தது. முதல் இரண்டிலும் ஒரு விண்மீன் திரள் மங்கலாகத் தெரியும். மூன்றாவதில் திரள் காணாமல் போய், நடுவில் ஒரு புள்ளி மட்டும் நிற்கும். அப்புள்ளி எங்கோ வெடித்த ஒரு விண்மீனாக இருக்கலாம். ஸ்கைவியூவரில் நான் தேடிக் கிடைக்காத காலம் அந்த மூன்றாவது சிறுபடத்தில் இருந்தது.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரூபின் தளம் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் இயங்குகிறது. ஸ்கைசர்வரின் விளக்கங்களும் ஆங்கிலத்தை நம்பியே உள்ளன. தமிழ்வழி மாணவர்களுக்குக் காட்டும்போது ஆசிரியர் அருகில் இருந்தே ஆக வேண்டும். கிராமப்புறப் பள்ளியில் இணைய வேகம் குறைவாக இருந்தால், ஸ்கைவியூவரைப் பெரிதாக்கும் ஒவ்வொரு முறையும் கட்டம் கட்டமாகப் படம் தெளிய நேரமாகும். அதனால் வகுப்புக்கு முன்பே அந்தப் பகுதிகளை ஒருமுறை திறந்து வைத்துக்கொள்வது நல்லது.

வானத்தைப் பார்க்கும் ஆர்வம் இப்போதுதான் துளிர்க்கிறது என்பவர்களுக்கு ஸ்கைவியூவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கைப்பேசியில் வேண்டாம், கணினியில் பாருங்கள். அளக்கவும் கணக்கிடவும் விரும்பும் மேல்நிலை, கல்லூரி மாணவர்கள் ஸ்கைசர்வரிலிருந்து தொடங்கட்டும். லாசைர் முதல் வாரத்தில் குழப்பும்; ஒரு சூப்பர்நோவாவின் (வெடித்த விண்மீனின்) ஒளி நாளுக்கு நாள் ஏறி இறங்குவதை அதில் ஒருமுறை தொடர்ந்து பார்த்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். என் வகுப்பில் வரும் பருவத்தில் கன்னிப் பகுதியை முதலில் ஸ்கைவியூவரிலும், அடுத்து ஸ்கைசர்வரிலும், பிறகு அப்பகுதியிலிருந்து வரும் அறிவிப்புகளிலும் வரிசையாகக் காட்டப்போகிறேன்.