சூர்ஸ்ட்ரோமிங்கா, ஹாகார்லா?

நாறும் இந்த இரண்டு மீன் உணவுகளில் ஒன்றைத்தான் ருசி பார்க்கலாம் என்றால் எதை எடுப்பது?

நாற்றம்: ஸ்வீடனின் சூர்ஸ்ட்ரோமிங், குறைந்த உப்பில் புளிக்கவைத்த ஹெர்ரிங் மீன். டப்பாவுக்குள்ளும் புளிப்பது நிற்காது, மூடியே உப்பிவிடும். வீட்டுக்குள் திறக்கவே கூடாது.
ஐஸ்லாந்தின் ஹாகார்ல் சுறாக்கறி. அமோனியா நெடி மூக்கில் ஏறும், அவ்வளவுதான்.

சாப்பிடும் விதம்: சூர்ஸ்ட்ரோமிங்கை மெல்லிய ரொட்டியில் வெண்ணெய், வேகவைத்த உருளைக்கிழங்கு, நறுக்கிய வெங்காயத்தோடு மடித்துச் சாப்பிடுவார்கள். அப்போதுதான் உப்பும் புளிப்பும் அடங்கி ருசி தெரியும்.
ஹாகார்ல் சின்னத் துண்டு, பல்குச்சியில் குத்தி ஒரே வாய்.

பக்குவம்: ஹாகார்லுக்கான கிரீன்லாந்து சுறா பச்சையாக நஞ்சு. வாரக்கணக்கில் புளிக்கவைத்து, மாதக்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைத்த பிறகே உணவு.

சும்மா ருசி பார்க்க ஹாகார்ல் போதும். வயிறாரச் சாப்பிட, ஆகஸ்ட் கடைசியில் ஸ்வீடனில் திறந்தவெளியில் சூர்ஸ்ட்ரோமிங். என் ஓட்டு இதற்குத்தான்.