செவ்ரலே 250-க்கு ஜே.சி. ரோடு பட்டறைகள்: எந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம்

அறுபதுகளின் பிற்பாதி இம்பாலாவில் வந்த ஆறு சிலிண்டர் 250 (கன அங்குலம்) எஞ்சினைப் பிரித்து, ரோட்டில் ஓட்டுவதற்காகக் கொஞ்சம் பலம் கூட்டிக் கட்ட நினைப்பவருக்கு பெங்களூரில் ஜே.சி. ரோடும் அதன் பின்தெருக்களும் போதும். போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்துச் சரியாக்குவது), ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதி) வேலை எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பட்டறை உண்டு. கலாசிபாளையம் பக்கம் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். ஆனால் எல்லா வேலையும் ஒரே தரத்தில் கிடைக்காது.

போரிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். லாரி, டிராக்டர் பிளாக் தினமும் ஏறி இறங்கும் மெஷின்கள், பழகிய கை. கணக்கை மட்டும் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். "அண்ணா, நல்லா டைட்டா போட்டுக் கொடுங்க" என்று சொன்னால் அவரவர் பழக்கத்துக்குத்தான் வரும். 250-ன் கம்பெனி போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 3.875 அங்குலம். முப்பது தவ் ஓவர்சைஸ் என்றால் 3.905, அதாவது 99.2 மில்லிமீட்டர். (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பிஸ்டன் வெளிநாட்டிலிருந்து கைக்கு வந்து சேரும்வரை பிளாக்கைத் தொடவே விடாதீர்கள். பெட்டி மேல் எழுதியிருக்கும் அளவை நம்பாமல் ஆறு பிஸ்டனின் ஸ்கர்ட்டையும் மைக்ரோமீட்டரில் அளந்து, எந்த பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்று பெயின்ட்டில் குறித்து, அதற்கேற்ப ஹோன் பண்ணச் (கல்லால் உள்சுவரைத் தேய்த்து முடிக்கச்) சொல்லுங்கள். காஸ்ட் பிஸ்டனுக்கு ஒன்றரை முதல் இரண்டு தவ் இடைவெளி போதும். ஃபோர்ஜ்ட் பிஸ்டன் என்றால் அதைச் செய்தவர் சொல்லும் அளவுதான், அது இதைவிட அதிகமாக இருக்கும். மாலிப்டினம் ரிங் போடுவதாக இருந்தால் கடைசி ஹோனிங் 280 கல்லில் முடியட்டும். மேல் ரிங் வாய் இடைவெளி போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நாலு தவ், ஆக சுமார் 16 தவ். அதைவிடக் குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரண்டு முனையும் முட்டிக்கொண்டு சுவரைக் கீறும்.

கிராங்க் கிரைண்டிங்கும் நன்றாகவே செய்கிறார்கள், ஒரு எச்சரிக்கையோடு. பத்து தவ் அண்டர்சைஸுக்கு இறக்கும்போது ஜர்னலும் (பேரிங்கில் சுழலும் உருளைப் பகுதி) வெப்பும் (அதன் பக்கத்துக் கை) சேரும் மூலையில் இருக்கும் வளைவை, பட்டறையில் ரேடியஸ் என்பார்கள், அப்படியே காப்பாற்ற வேண்டும். கல்லின் ஓரத்தை அந்த வளைவுக்கு டிரெஸ் பண்ணாமல் (சீராக்காமல்) போட்டால் அந்த மூலை கூராகிவிடும். விரிசல் அங்கேதான் பிறக்கும். வாங்கும்போது விரல் நகத்தை அந்த மூலையில் ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும், எங்கேயும் இடறக் கூடாது. ஆயில் துளைகளின் வாயையும் லேசாக உருட்டித் தரச் சொல்லுங்கள். மெயின் பேரிங் ஏழு; இரண்டு தவ் இடைவெளிக்கு வைத்தால் நிம்மதி.

ஹெட் வேலையில்தான் பட்டறைக்குப் பட்டறை வித்தியாசம் தெரிகிறது. இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் வார்த்தது. இந்தியாவில் அந்தப் பெட்ரோல் 2000-லேயே போய்விட்டது, ஆகவே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின சீட் வளையம் கட்டாயம். சில இடங்களில் வளையத்தைச் சும்மா அடித்து இறக்கி, ஓரத்தைப் பொட்டுப் பொட்டாகத் தட்டி விடுகிறார்கள். கொஞ்ச நாளில் அது கழன்று பிஸ்டன் மேல் விழும். மூன்று கோண சீட், எக்ஸாஸ்டில் 2 மில்லிமீட்டர் அகலம், இன்டேக்கில் ஒன்றரை. இதைச் சொன்னதும் குறித்துக்கொள்கிற பட்டறையில் கொடுங்கள்.

ஹெட் ஃபேசிங்குக்கு (முகத்தைச் சீவிச் சமமாக்குவதற்கு) முன் கம்ப்ரஷன் கணக்கு, அதாவது கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற கணக்கு, போட வேண்டும். முப்பது தவ் போரில் ஒரு சிலிண்டர் 693 சிசி. 9:1 வேண்டுமென்றால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்ச இடம் எல்லாம் சேர்த்து சுமார் 87 சிசி இருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் கேஸ்கெட் மட்டுமே 8 சிசி எடுத்துக்கொள்ளும். பழைய மெல்லிய தகடு கேஸ்கெட்டுக்குப் பதில் இதைப் போட்டு, ஹெட்டைத் தொடாமல் விட்டால், பணம் செலவழித்தும் எஞ்சின் முன்பைவிட மந்தமாகத்தான் ஓடும். ஹெட்டின் சேம்பரை (கலவை எரியும் குழி) பியூரெட்டால் (அளவுக் குழாய்) அளந்த பிறகே ஃபேசிங்.

மேனிஃபோல்ட் ஃபேசிங் இந்தத் தெருவின் தங்கமான வேலை. இன்டேக், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (கலவை உள்ளே வரும், புகை வெளியே போகும் குழாய்த் தொகுதிகள்) இரண்டையும் போல்ட் போட்டு ஒன்றாக்கிய பிறகு ஃபேஸ் பண்ணச் சொல்லுங்கள். தனித்தனியாகச் செய்தால் காற்று இழுக்கும், முறுக்கும்போது மேனிஃபோல்டின் போல்ட் காது ஒடியும்.

சகிக்க முடியாதது பிளாக் கழுவுவது. வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்துத் தருவார்கள். கோர் பிளக்கை (பிளாக்கின் தண்ணீர் வழியை அடைக்கும் தகட்டு மூடி) கழற்றிப் பார்த்தால் ஆறாவது சிலிண்டரைச் சுற்றி செம்மண் சேறுபோல் துரு இறுகிக் கிடக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கட்டி கட்டியாக உதிரும். அதோடு கட்டிய எஞ்சின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் கொதிக்காமல் என்ன செய்யும்? பிறகு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள். 82 டிகிரி தெர்மோஸ்டாட் இருக்கட்டும், கோர் பிளக் எல்லாம் எடுத்துவிட்டு பிளாக்கை நீங்களே நின்று கழுவ வையுங்கள்.

அசெம்பிளியை அங்கே கொடுக்க வேண்டாம். டார்க் ரென்ச் சுவரில் தொங்கும், கை பாட்டுக்கு முறுக்கும். மெயின் கேப் 65 பவுண்டு-அடி, ராட் நட் 35, ஹெட் போல்ட் 95. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் ஏற்றுங்கள். முன்னால் இருக்கும் டாம்பர் புல்லியின் ரப்பர் இத்தனை வருடத்தில் கெட்டிப்பட்டு வெளிவளையம் நகர்ந்திருக்கும். அதில் இருக்கும் குறியை நம்பி இக்னிஷன் டைமிங் வைத்தால் அத்தனையும் தப்பு. முதல் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு உண்மையான டாப் சென்டரை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) புதிதாகக் குறியுங்கள்.

கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மிதமாக இருக்கட்டும்: ஐம்பது தவ் தூக்கலில் அளந்தால் திறப்பு 200 முதல் 210 டிகிரி. இதற்கு மேல் போனால் டிராஃபிக்கில் இரண்டாவது கியர் இழுக்காது. இது தட்டையான டாப்பெட், அதனால் முதல் ஸ்டார்ட்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கிவிட்டு டிரில்லால் ஆயில் பம்பைச் சுற்றி, ராக்கரில் எண்ணெய் வருவதைப் பார்த்த பிறகே சாவி. பற்றிய கணத்திலிருந்து 2000 ஆர்பிஎம்மில் இருபது நிமிடம். ஐடிலில் விட்டால் கேமின் லோப் (டாப்பெட்டைத் தள்ளும் மேடு) தேய்ந்துவிடும். துத்தநாகம் அதிகமுள்ள ஆயில் வேண்டும், புதிய கார்களுக்கான ஆயில் ஆகாது.

கார்புரேட்டருக்கு 32/36 வெபர் பொருத்தமானது. அடாப்டர் பிளேட்டை லேத்தில் அங்கேயே சுத்தமாகக் கடைந்து தருகிறார்கள். பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரத்தையும் மட்டும் மாற்றிவிடுங்கள், எத்தனால் அவற்றைத் தின்றுவிடும். ஜெட் விஷயத்தில் பெங்களூர் ஏமாற்றும். சுமார் 920 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, கலவை தானாகப் பெட்ரோல் பக்கம் சாயும். இருபது சதவீத எத்தனால் பெட்ரோலோ அதை எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்வதால் ஊருக்குள் எஞ்சின் அருமையாக ஓடும். கிருஷ்ணகிரி இறங்கி சென்னைப் பக்கம் போனால் காற்று அடர்ந்து கலவை மெலியும். ஏற்றத்தில் பிங் சத்தம் (கலவை தாறுமாறாக வெடிக்கும் ஓசை) கேட்கும். அடிக்கடி சென்னை போகிறவர் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கி, மொத்த அட்வான்ஸை (தீப்பொறி முந்தி வரும் அளவு) 32 டிகிரியில் நிறுத்திவிட்டு, வேலூர் வந்ததும் ஒரு பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது நல்லது.