உழாமல் விதைத்த வனவிலங்குத் தீவனத் திடல்: பல பருவங்களின் அனுபவம்

மான், முயல், காடை ஆகியவற்றுக்காகக் காட்டோரத்தில் அமைத்த தீவனத் திடல் ஒன்றைக் கலப்பை தொடாமல் பல பருவங்களாகப் பராமரித்து வருகிறேன். இந்த முறையைப் பற்றிப் பேசுவோர் எந்த விதைப்பான், எந்த உருளை, எந்தப் புல்வெட்டி என்று பெரும்பாலும் கருவிகளிலேயே நின்றுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் கருவிக்கு இரண்டாம் இடந்தான். நிற்கும் பயிரை எந்தப் பருவத்தில் சாய்க்கிறோம் என்பதே அடுத்த பயிரின் முளைப்பு, களை, சத்து ஆகிய மூன்றையும் தீர்மானிக்கிறது.

முறை எளியது. நிற்கும் பயிருக்குள்ளேயே அடுத்த பயிரின் விதையைத் தூவிவிட்டு, அந்தப் பயிரை உருளையால் நசுக்கிச் சாய்த்தோ வெட்டியோ விதையின்மேல் மூடாக்காகப் படியவிட வேண்டும். மண்ணைப் புரட்டாததால் ஆழத்தில் உறங்கும் களைவிதைகள் மேலே வருவதில்லை. மண்புழுக்களின் வளைகளும் வேர்ப்பூஞ்சையின் இழைகளும் அறுபடுவதில்லை. என் திடலில் குளிர்காலத்துக்கு முன் ரை (குளிர் தாங்கும் தானியப் பயிர்), ஓட்ஸ், கிரிம்சன் குளோவர் (பயறு இனத் தீவனச் செடி) ஆகியவற்றைக் கலந்தும், வெயில் காலத்தில் விரைந்து வளரும் பக்வீட் என்ற தானியச் செடியை முதன்மையாகக் கொண்டும் விதைக்கிறேன். கடும் உறைபனியில் ஓட்ஸ் மடிந்துவிடும். ரை தாக்குப்பிடித்து, வேறு பச்சை எதுவும் தலைகாட்டாத குளிர்கால முடிவில் முதலில் துளிர்க்கும். அந்தச் சில வாரங்களில் மான்கள் இதை நம்பியே திடலுக்கு வருகின்றன.

ரையைச் சாய்க்கும் நேரத்தைக் காலண்டரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கதிரில் மகரந்தப் பைகள் வெளியே தொங்க வேண்டும். கதிரை உள்ளங்கையில் தட்டினால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். அதற்கு முன்பே சாய்த்தால் தண்டு வளைந்து மீண்டும் நிமிரும், அடியிலிருந்து புதுத் தூர்களும் கிளம்பும். பூத்தபின் தண்டைப் பல இடங்களில் நசுக்கினால், வெட்டாமலேயே அது காய்ந்து மடிகிறது. மணி முற்றும்வரை விட்டுவிட்டால் கதிர் உதிர்ந்து அடுத்த பருவத்தில் தானாக முளைக்கும். உழவர் இதைத் தொல்லை என்பார். தீவனத் திடல் வைத்திருப்பவருக்கோ இது செலவில்லாத விதை, காடைக்கும் இரை.

ஆனால் தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. மண்ணின் நுண்ணுயிர்களுக்கு ஏற்ற கரி–தழைச்சத்து (கார்பன்–நைட்ரஜன்) விகிதம் ஏறத்தாழ 24:1. இளம் ரையில் அது 26:1 அளவிலும், பூக்கும்போது 37:1 அளவிலும் இருக்கும். முற்றிய வைக்கோலில் 80:1ஐத் தாண்டிவிடும். அத்தகைய வைக்கோலை மட்கச் செய்ய நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்வதால், உடனே விதைக்கும் முள்ளங்கியும், அதைப் போன்ற கிழங்குப் பயிரான டர்னிப்பும் வெளிறி நிற்கின்றன. குளோவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேர்முடிச்சுகளின் வழியே காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே முற்றிய ரைக்குப் பின் பயறு வகையும், அதற்குப் பின் முள்ளங்கி வகையும் என்ற வரிசையையே கடைப்பிடிக்கிறேன். குளோவர் விதையை அதற்குரிய ரைசோபியம் (வேர்முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர்) கொண்டு நேர்த்தி செய்ய வேண்டும். தட்டைப்பயறுக்கான நுண்ணுயிர் குளோவரில் முடிச்சிடாது.

எல்லா விதையும் இந்த முறைக்கு ஒத்துவராது என்பதை விதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை. குளோவர், டர்னிப் போன்ற சிறு விதைகளுக்கு அரை சென்டிமீட்டர் மூடலே போதும். சாய்ந்த பயிரின் தாளும் அடுத்த மழையும் அதைக் கொடுத்துவிடுகின்றன. ரையும் ஓட்ஸும் மண்ணின் மேற்பரப்பிலேயே வேர் பிடிக்கும். மழைக்குப் பின் சில நாட்களில் மூடாக்கை விலக்கிப் பார்த்தால், மேலே தாள் மொடமொடவென்று காய்ந்திருக்க, அடியில் ஈர மண்ணில் வெளிறிய முளைகள் வெளிச்சம் தேடி வளைந்து நிற்கும். பட்டாணி, சோயா, மக்காச்சோளம் போன்ற பெரிய விதைகள் மேற்பரப்பில் கிடந்து காய்கின்றன, அல்லது பறவைகளுக்கு இரையாகின்றன. அவற்றுக்கு உழாமல் கீறி விதைக்கும் விதைப்பான் தேவை. தூவும் விதையின் அளவையும் பரிந்துரைப்பதைவிடக் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூட்டிக்கொள்வது நல்லது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஈரமான, குளிர்ந்த பருவத்தில் தடித்த மூடாக்கின் அடியில் ஓடில்லா நத்தைகள் பெருகி, குளோவரின் முதல் இலைகளைத் தின்றுவிடுகின்றன. மூடாக்கு மண்ணின் வெப்பத்தையும் தடுப்பதால் முளைப்பு தாமதமாகிறது. தரைக்கடியில் கிழங்குபோல் ஓடும் பல்லாண்டுப் புற்கள் உருளைக்கு மசிவதே இல்லை. அவை நிறைந்த நிலத்தில் களைக்கொல்லி இன்றித் தொடங்கலாம் என்று யாரேனும் உறுதி கூறினால் நான் நம்பமாட்டேன். புளிப்பு மண்ணும் அப்படித்தான். குளோவருக்கு கார அமில நிலை (pH) 6க்குக் குறையாமல் இருப்பது நல்லது. மேலே தூவிய சுண்ணாம்போ மிக மெதுவாகவே கீழிறங்கும். மண் பரிசோதனையில் புளிப்பு அதிகமென்று தெரிந்தால், கடைசியாக ஒருமுறை உழுது சுண்ணாம்பைக் கலந்துவிட்டு, அதன்பின் உழவை நிறுத்துவதே அறிவுடைமை.

திடல் தோற்றதா, அல்லது விலங்குகள் தின்று தீர்த்தனவா என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது. அதற்காக ஆளுயரக் கம்பிவலையை வட்டமாக வளைத்துத் திடலின் நடுவே ஊன்றி வைத்திருக்கிறேன். கூண்டுக்குள் குளோவர் முழங்காலைத் தொடும்போது வெளியே இரண்டு விரல் உயரத்துக்கு மேயப்பட்டிருந்தால், விதைப்பில் பிழையில்லை, திடல்தான் போதவில்லை என்று பொருள். கடித்த தண்டையும் பார்க்க வேண்டும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லாததால் வெட்டு பிசிறாக இருக்கும். முயல் கடித்த தண்டோ கத்தியால் சாய்வாக அரிந்ததுபோல் இருக்கும்.

கருவியைப் பொறுத்தவரை, சிறிய திடலுக்கு டிராக்டர் உருளை வாங்கத் தேவையில்லை. நீண்ட பலகையின் அடியில் இரும்புக் கோணச் சட்டத்தைப் பொருத்தி, இரு முனைகளிலும் கயிறு கட்டித் தூக்கி வைத்துக் காலால் மிதித்துக்கொண்டே போனால் பூத்த ரை பணிந்துவிடும். இடுப்பு வலிக்கும், ஆனால் வேலை சுத்தம். விலங்குகளுக்குத் தீவனம் அளிப்பதற்கு அந்தந்த இடத்துச் சட்டம் இடந்தருகிறதா என்பதை விதை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.