மானாமதுரை மண் தொட்டி: பத்து மாதம் வைத்துப் பார்த்த பிறகு

எங்கள் வீட்டுப் பாம்புக் கற்றாழைக்கு முப்பது வயதாகப் போகிறது. 1996-ல் கல்யாணமாகி மதுரைக்கு வந்தபோது அத்தை தன் செடியில் ஒரு கிழங்கைப் பிரித்து டால்டா டின்னில் வைத்துக் கொடுத்தார். அத்தை இப்போது இல்லை. நாலு வாடகை வீடு மாறியும் செடி கூடவே வந்தது. தொட்டிச் செடிக்கு அவ்வளவு ஆயுளா என்று கேட்பவர்களிடம் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துச் சைக்கட் செடியை, பார்க்கப் பனை மாதிரி இருப்பதை, சொல்வேன். 1775-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது, இன்னும் தொட்டியில்தான் வளர்கிறது.

போன வருஷம் ஐப்பசியில் பிளாஸ்டிக் தொட்டி பக்கவாட்டில் வெடித்துவிட்டது. கிழங்கு பெருத்து முட்டியிருக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் அடிமண் சொதசொதவென்று கிடந்தது, மூன்று கிழங்கு அழுகல். கை நடுங்கிவிட்டது எனக்கு. அந்த வாரமே மானாமதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கடம் செய்கிற ஊர். 2023-ல் அந்த ஊர் மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நான் வாங்கியது சாலையோரத்தில் ஒரு சின்னக் கடையில். "என்ன செடிம்மா வைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த அம்மா தொட்டியையே தொட்டார். செடியைச் சொன்னதும் ஆழமானவற்றை ஒதுக்கி, வாய் அகன்று ஆழம் குறைந்த ஒன்றை எடுத்தார். "கிழங்கு பக்கவாட்டுலதான ஓடும். சுத்தி ரெண்டு விரக்கடை இடம் விட்டாப் போதும், பெருசு வேண்டாம்." விரலை மடக்கித் தட்டினார், கணீரென்றது. இன்னொன்று மொத்தென்று கேட்டது. உள்ளே கீறல் இருக்கும் என்று அவரே பின்னால் தள்ளி வைத்துவிட்டார். 12 அங்குலம், 220 ரூபாய். பெயிண்ட் அடித்தது வேண்டாமென்றேன். சுவர் வழியே ஈரம் கசிந்து உலர்வதற்காகத்தானே மண் தொட்டி வாங்குகிறோம்?

ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். காய்ந்த தொட்டியில் அப்படியே வைத்தால் செடிக்கு ஊற்றும் தண்ணீரைத் தொட்டி குடித்துவிடும். ஓட்டைமேல் ஓட்டாஞ்சில்லு, பாதி ஆற்று மணல், பாதி செம்மண், ஒரு கை மண்புழு உரம். மார்கழியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர், சித்திரையில் பத்து நாளைக்கு ஒருமுறை. அழுகல் அடியோடு நின்றது. ஆறு புதுக் குருத்து.

குறையும் உண்டு. மண்ணோடு சேர்த்து ஒரு ஆளால் நகர்த்த முடியாது. எங்கள் போர் தண்ணீருக்கு வெளிப்பக்கம் உப்புப் பூக்கிறது, மாதம் ஒருமுறை தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன். பொருத்தமான அடித்தட்டு கிடைக்கவில்லை. மணி பிளான்ட்டை இதே மாதிரி மண் தொட்டியில் வைத்தேன், கோடையில் சாயங்காலத்துக்குள் துவண்டுவிட்டது. அதற்கு இது தோதுப்படாது.

இந்த ஆவணியில் ஒரு ராத்திரி கூடத்தில் இனிப்பாக ஒரு வாசனை. பாம்புக் கற்றாழை பூத்திருந்தது. வெளிறிய பூங்கொத்து, காம்பில் தேன் துளிகள். இது பூக்கும் என்று அத்தை சொல்லியிருக்கிறார், இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை. தைக்கு மறுபடி மானாமதுரை போகிறேன், ஜேட் செடிக்கு இரண்டு வேண்டும்.