ஏற்காட்டுல புயலுக்கு விழுந்த மரம் எடுக்கிற டீம் எப்படி, அதுக்கு நிவாரணப் பணம் கிடைக்குமா?

ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்குள்ள மரம் விழுந்துட்டா யாரைக் கூப்பிடறதுன்னு தெரிஞ்சவங்க எல்லாம் கேக்கறாங்க, அதனால எங்களுக்கு வேலை செஞ்ச டீமைப் பத்தி விவரமாவே எழுதிடறேன். ஒரே வரில சொல்லணும்னா தாராளமா கூப்பிடலாம். ரேட் கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா அந்தக் காசுக்கு மேலயே வேலை செய்யறாங்க.

எல்லாரும் மலையிலயே பொறந்து வளர்ந்த பசங்க, கடை போர்டு எதுவும் கிடையாது, நாகலூர் பக்கம் யாரைக் கேட்டாலும் நம்பர் கொடுப்பாங்க. பவர் ஷா, மரத்தை இழுக்கற வின்ச், டிராக்டர்ல மாட்டி ஓட்டற, கிளையை அரைச்சுத் தூளாக்கற சிப்பர் மிஷின், இவ்ளோதான் சாமான். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட கரையைக் கடந்துட்டு அப்படியே மெதுவா உள்ள வந்துச்சு இல்லீங்களா, டிசம்பர் ஒண்ணு ரெண்டு தேதில இங்க கொட்டின மழைக்கு மண்ணு எல்லாம் ஊறிப்போய் நிழலுக்கு நிக்கற சில்வர் ஓக் மரம் வேரோட சாய்ஞ்சு காப்பிச் செடி மேலயே படுத்துடுச்சு, அதுல ஏத்தி விட்ட மிளகுக் கொடியும் சேர்ந்து போச்சு. பழம் சிவக்க ஆரம்பிச்ச நேரம் வேற.

டீமைக் கூட்டிட்டு வந்த அண்ணன் வந்து பாத்ததும் சொன்ன மொத வார்த்தை, "அக்கா, மொதல்ல போட்டோ எடுங்க, வி.ஏ.ஓ. வந்து பாக்கட்டும், அப்பறம்தான் மிஷினைப் போடுவேன்". வேலை கிடைச்சா போதும்னு நினைக்கற ஆளு இப்படிச் சொல்ல மாட்டாரு. தேதியும் இடமும் போட்டோலயே விழற மாதிரி போன்ல செட்டிங் மாத்திக் கொடுத்து, ஒவ்வொரு மரமும் எந்த வரிசைல விழுந்துருக்குன்னு நோட்டுலயும் எழுதி வச்சாங்க. இதோட அருமை என்னன்னு கீழ சொல்றேன்.

வேலை பாக்கற விதமே தனி. மரத்தை அப்படியே இழுத்தா அடியில இருக்கற செடி எல்லாம் பிஞ்சுடும்னு மொதல்ல கிளையை எல்லாம் கழிச்சு, எங்க வீட்டு ஆளுங்க செடில இருந்த பழத்தைப் பறிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னு, அப்பறம் தண்டைத் துண்டு போட்டு வின்ச்ல மேல ஏத்தினாங்க. நசுங்கின காப்பிச் செடியைப் பிடுங்கிப் போட விடல. தரைல இருந்து ஒரு அடி விட்டு சாய்வா ஒரே வெட்டு, வெட்டின இடத்துல போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த மருந்து) தடவி விட்டாங்க, இப்ப அந்தக் கட்டைல எல்லாம் புதுத் துளிர் வந்துருக்கு. ஒரு பையன் அரபிகா ரகக் காப்பித் தண்டு ஒண்ணை எடுத்து தோலு மேல விரலை வச்சுத் தடவிப் பாத்தான், மேடு மேடா வரி தெரிஞ்சுது, பட்டையை உரிச்சா உள்ள பூராவும் மாவு மாதிரி அடைச்சு வெள்ளைத் தண்டுத் துளைப்பான்னு சொல்ற வண்டோட புழு போன பாதை. அந்த மாதிரி தண்டை எல்லாம் சிப்பர்ல விடவே இல்ல, தனியாக் குமிச்சு எரிச்சுட்டாங்க. வாடல் நோய் வந்த மிளகுக் கொடியும் அப்படித்தான். அது தெரியாம எல்லாத்தையும் அரைச்சுப் பரப்பினா நோயை நாமளே தோட்டம் பூரா தெளிச்ச மாதிரி ஆயிடும்.

மிச்சக் கிளை எல்லாம் சிப்பர்ல போய் தூளாகி செடி வரிசைக்கு நடுவுலயே மூடாக்காப் போட்டாங்க. பச்சைத் தூளை மண்ணோட கலக்கக் கூடாது, கலந்தா அது மக்கறதுக்கு மண்ணுல இருக்கற தழைச்சத்தையே இழுத்துக்கும், மேலாப்புல பரப்பணும், செடி அடித்தண்டுல ஒட்டாம ஒரு முழம் தள்ளிப் போடணும்னு அவங்களே சொல்லிச் செஞ்சாங்க. கழிவை எங்க கொண்டு போய்க் கொட்டறதுங்கற பேச்சே வரல, எனக்குப் பெரிய நிம்மதி அதுதான். இதுக்கு முன்னாடி பக்கத்துத் தோட்டத்துக்கு வந்த வேற ஒரு காண்ட்ராக்ட் ஆளு ஜேசிபி வச்சு எல்லாத்தையும் ஓடைல தள்ளிட்டுப் போயிட்டாரு, அடுத்த மழைக்கு ஓடை அடைச்சுக்கிட்டு தண்ணி கீழ இருக்கற குடிசைங்க பக்கம் திரும்பிடுச்சு. மலையில இந்தத் தப்பை யாரும் செய்யவே கூடாதுங்க, சும்மாவே சரியற மண்ணு இது.

இப்ப பண விஷயம். ரோட்ல விழுந்த மரம், மண்ணு எல்லாம் எடுக்க மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலேயே வழி இருக்கு, அந்த நிதிக்கு 75 சதவீதம் மத்திய அரசு, 25 சதவீதம் மாநில அரசு. ஆனா நம்ம வேலிக்குள்ள விழுந்தா நாமதான்னு எல்லாரும் விட்டுடறாங்க. 2022-லேர்ந்து 2026 வரைக்குமான விதிமுறைல மலைப்பகுதி விவசாய நிலத்துல வந்து விழுந்து கிடக்கற கழிவை (debris) அகற்றறதுக்குன்னே தனியா ஒரு தலைப்பு போட்டிருந்தாங்க, ரெண்டு ஹெக்டேர் வரைக்கும் நிலம் வச்சிருக்கற விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 ரூபா, எவ்ளோ சின்ன நிலமா இருந்தாலும் 2,200-க்குக் குறையக் கூடாது, இதே வேலைக்கு வேற திட்டத்துல உதவி வாங்கியிருக்கக் கூடாது. நிலமே சரிஞ்சு போயிட்டா ஹெக்டேருக்கு 47,000. பயிர் சேதம் தனி, பல்லாண்டுப் பயிருக்கும் மரத்துக்கும் ஹெக்டேருக்கு 22,500-ன்னு ஃபெஞ்சல் அப்ப அரசு அறிவிச்சது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும், அதுக்கு 33 சதவீதமாவது சேதம் ஆகியிருக்கணும்.

நாங்க மனு கொடுக்கப் போனப்ப ஒரு ஆபீஸ்ல அப்படி ஒரு தலைப்பே இல்லம்மான்னுட்டாங்க. விதிமுறையை பிரிண்ட் எடுத்துட்டுப் போய், பட்டா, சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகலோட இந்த டீம் எடுத்த போட்டோவும் நோட்டும் பில்லும் வச்சுக் கொடுத்ததுக்கு அப்பறம்தான் மனுவையே வாங்கினாங்க. சுத்தம் பண்ணிட்டு போய்க் கேட்டிருந்தா என்னத்தைக் காட்டறது? அந்த 18,000-ஐ ஏக்கருக்குக் கணக்குப் போட்டா 7,300 கிட்ட வருது, எங்களுக்கு ஆன செலவுல பாதிக்குக் கூட காணாது, ஆனாலும் விடாதீங்க. இங்க மலையில இருக்கற மலையாளிப் பழங்குடி ஜனங்க நிறைய பேருக்கு கூட்டுப் பட்டாவா இருக்கறதால யாரு பேர்ல மனு போடறதுங்கறதுலயே நின்னு போயிடுது, அவங்களுக்குத்தான் இந்தப் பணம் மொதல்ல போய்ச் சேரணும், இதுக்கு தாசில்தார் ஆபீஸ்ல இருந்தே மலைக்கு வந்து முகாம் போட்டு எழுதி வாங்கினா எவ்ளோ நல்லா இருக்கும்.

குறைன்னு சொன்னா, புயல் அடிச்ச உடனே கூப்பிட்டா வர மாட்டாங்க, எல்லா எஸ்டேட்டும் அவங்களையே கூப்பிடும். ரொம்ப சரிவுல டிராக்டர் இறங்காது, அங்க கிளையைச் சுமந்துதான் மேல கொண்டு வரணும், அதுக்குக் கூலி தனி. தொடை தண்டிக்கு மேல இருக்கற கட்டை சிப்பர்ல போகாது, வியாபாரிகிட்டதான் விக்கணும், அதைக் கீழ இறக்கறதுக்கு முன்னாடி வனத்துறை ஆபீஸ்ல கேட்டுக்கங்க. அதே மாதிரி விழுந்த மரத்தோட சேர்த்து பக்கத்துல நிக்கறதையும் அறுத்துடலாம்னு நினைச்சுடாதீங்க, மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லேர்ந்தே இருக்கு, நிக்கற மரத்துக்கு அனுமதி வேணும். இவங்க அனுமதிச் சீட்டைப் பாக்காம நிக்கற மரத்துல கை வைக்கறதே இல்ல.

சின்னத் தோட்டக்காரங்க நாலஞ்சு பேர் சேர்ந்து கூப்பிட்டா மிஷின் ஏத்தி இறக்கற வாடகை பிரிஞ்சுடும், பில் மட்டும் அவங்கவங்க சர்வே நம்பர் போட்டு தனித்தனியா வாங்கிக்கங்க, கேட்டா எழுதிக் கொடுக்கறாங்க. சித்திரைக் காத்து ஆரம்பிச்சா மறுபடி கிளை முறியும், அதுக்கு முன்னாடியே பேசி வச்சுட்டா டேட் கிடைக்கும்.